யார் போட்ட ரூலு? ரேஷன் விதிகளும் நாடாளுமன்றமும்

எங்கள் தெரு ரேஷன் கடையில் கைரேகை மிஷின் முன்னால் எதிர்வீட்டு ஆயா நின்றுகொண்டிருந்தார். நாற்பது வருடம் சித்தாள் வேலை பார்த்த கை. செங்கல்லும் சிமெண்டும் ரேகையைத் தேய்த்துவிட்டிருந்தன. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். விற்பனையாளர் துணியால் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். மிஷின் ஏற்கவில்லை.

"நாளைக்கு வாங்க ஆயா, இல்லேன்னா வீட்ல வேற யாரையாச்சும் அனுப்புங்க. ரூலு அப்படி. நான் என்ன பண்றது?"

"யாரு தம்பி போட்ட ரூலு?"

கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். விற்பனையாளர் கையை மேலே காட்டினார். வரிசையில் நின்ற எங்களில் ஒருவருக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. நான் பட்டப்படிப்பு படித்தவன், எனக்கும் தெரியவில்லை. அன்று தொடங்கித் தேடிப் படித்ததை, என்னைப் போல ஒன்றும் தெரியாமல் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "ரூல்" என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் பல வகைத் தாள்கள். மேலே இருப்பது சட்டம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தது. அதற்குக் கீழே விதி. சட்டம் கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு அமைச்சகம் எழுதி அரசிதழில் வெளியிடுவது. பிறகு ஆணைகளும் அறிவிக்கைகளும். எல்லாவற்றுக்கும் கீழே வழிகாட்டு நெறிமுறை, சுற்றறிக்கை, துறைச் செயலாளர் மாநிலங்களுக்கு எழுதும் கடிதம். கடைக்கு வந்து சேரும்போது நான்கும் ஒரே குரலில்தான் பேசும்: "ரூலு அப்படி." ஆனால் நாடாளுமன்றத்துக்கு இந்த நான்கின் மேலும் ஒரே அளவு பிடி கிடையாது. கீழே இறங்க இறங்கப் பிடி தளர்கிறது.

ரேஷனை எடுத்துக்கொள்வோம். தாய்ச்சட்டம் 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். கிராமப்புறத்தில் 75 சதவீதம் பேர் வரைக்கும், நகர்ப்புறத்தில் 50 சதவீதம் பேர் வரைக்கும் மானிய விலைத் தானியம் என்பது அதன் அடிப்படை. முன்னுரிமைக் குடும்பம் என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை என்றால் குடும்பத்துக்கு 35 கிலோ. அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், சிறுதானியம் 1 ரூபாய் என்று சட்டத்தின் அட்டவணையே விலை சொன்னது; 2023 ஜனவரி முதல் அதுவும் இலவசம். பதினெட்டு வயது நிறைந்த மூத்த பெண்தான் அட்டையில் குடும்பத் தலைவி என்பதும் இந்தச் சட்டம் சொன்னதுதான்.

இவ்வளவையும் சட்டத்திலேயே எழுத முடிந்தது. எழுத முடியாதது நிறைய. பள்ளியில் ஒரு நாள் சத்துணவு போடவில்லை என்றால் என்ன செய்வது? இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது, எந்தத் தேதிக்குள் கொடுப்பது? இப்படி ஒவ்வொன்றுக்கும் 543 பேர் உட்கார்ந்து விவாதித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, மாநில அரசுகளைக் கலந்துகொண்டு விதிகள் எழுதும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. இதில் தவறு எதுவும் இல்லை. நல்ல விதி வந்தால் சட்டத்துக்குக் கையும் காலும் முளைக்கும்.

அதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2015-ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகள். அரிசி வரவில்லை, விறகு இல்லை, சமையல்காரர் வரவில்லை, காரணம் எதுவாக இருந்தாலும் சரி, பள்ளி நடந்த ஒரு நாளில் சாப்பாடு போடவில்லை என்றால், அந்தத் தானியத்துக்கும் சமையல் செலவுக்கும் ஈடான உணவுப் பாதுகாப்புப் படியை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று பள்ளி நாள், அல்லது மாதத்தில் ஐந்து நாள் சாப்பாடு நின்றால், யார் பொறுப்பு என்று மாநில அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது, "பள்ளியே இல்லையே, சாப்பாடு எப்படி?" என்று கைவிரிக்க முடியாமல் போனதற்கு இந்தப் படியும் ஒரு காரணம். வீட்டில் இருந்த பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்புமாகவோ பணமாகவோ போய்ச் சேர வழி இருந்தது. சட்டத்தில் ஒரு வரியாக இருந்த வாக்குறுதியைத் தேதியும் கணக்குமாக மாற்றியது விதி.

ஆனால் அதே பேனாவால் சுருக்கவும் முடியும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. அந்தப் பூசாரியை யார் பார்ப்பது என்பதுதான் நாடாளுமன்றக் கண்காணிப்பு என்ற பெரிய சொல்லுக்குள் இருக்கும் கேள்வி.

மேசைமேல் முப்பது நாள்

முதல் வழி, விதியை அவை முன் வைப்பது. மக்களவையில் கேள்வி நேரம் முடிந்து மணி பன்னிரண்டு ஆனதும், அமைச்சர்கள் ஒவ்வொருவராக எழுந்து "இந்த ஏடுகளை அவை முன் வைக்கிறேன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்காருவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஆண்டறிக்கை, கணக்கு அறிக்கை என்று கட்டுக்கட்டாகப் போகும் அந்தத் தாள்களுக்கு நடுவில்தான் ஏழைக் குடும்பத்தின் சாப்பாட்டுக் கணக்கும் போகிறது. சில நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்தில்தான் நமக்கான விதி நாடாளுமன்றத்துக்குள் நுழைகிறது என்று தெரிந்த பிறகு, அந்தச் சில நிமிடத்தை நான் கவனித்துப் பார்க்கிறேன்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் உட்படப் பெரும்பாலான மத்தியச் சட்டங்களில் ஒரே வாசகம்தான் இருக்கிறது. விதி ஒவ்வொரு அவை முன்பும் மொத்தம் 30 நாள் இருக்க வேண்டும். ஒரே கூட்டத்தொடரில் முப்பது நாள் ஆகாவிட்டால் அடுத்தடுத்த தொடர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு அடுத்த தொடர் முடிவதற்குள், விதியைத் திருத்த வேண்டும் என்றோ, அந்த விதியே வேண்டாம் என்றோ இரு அவைகளும் ஒத்துக்கொண்டால், அதன் பிறகு விதி அப்படியே மாறும், அல்லது செல்லாது.

இந்த வாசகத்தில் இரண்டு இடங்களில் நின்று படிக்க வேண்டும். ஒன்று, "இரு அவைகளும்". மக்களவை மட்டும் வேண்டாம் என்றால் போதாது. மாநிலங்களவையும் சொல்ல வேண்டும். இரண்டாவது, விதி ஏற்கெனவே நடைமுறைக்கு வந்துவிட்டது. அது அவையின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். மௌனம் சம்மதம் என்பதுதான் இங்கே முறை. ஒருவேளை ரத்தானாலும், அதுவரை அந்த விதிப்படி நடந்தது நடந்ததுதான். இடையில் அரிசி கிடைக்காமல் போனவர்களுக்கு அது திரும்ப வராது.

ரத்து செய்யக் கேட்டு ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரலாம். வேறு துறை என்றாலும் ஒன்றைச் சொல்கிறேன். 2012 மே மாதம், இணையச் சேவை நிறுவனங்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளை ரத்து செய்யக் கோரி மாநிலங்களவையில் பி. ராஜீவ் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நல்ல விவாதம் நடந்தது. தீர்மானம் தோற்றது. பெரும்பான்மை அரசின் பக்கம் இருக்கும்போது இதைத்தான் எதிர்பார்க்க முடியும். ஆனாலும் அரசு தன் விதிக்கு அவையில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டிவந்தது. அது சின்ன விஷயம் இல்லை.

அவை முன் வைக்கவே இல்லை என்றால்? இதற்கு உச்ச நீதிமன்றம் 1979-ல் பதில் சொல்லியிருக்கிறது. அட்லஸ் சைக்கிள் நிறுவனத்துக்கும் ஹரியானா அரசுக்கும் நடந்த வழக்கு அது. அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் போட்ட ஆணையை அவை முன் வைக்கவில்லை, அதனால் ஆணை செல்லாது என்பது வாதம். அவை முன் வைக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் வழிகாட்டும் வாசகம்தான், வைக்கத் தவறியதாலேயே ஆணை செல்லாமல் போகாது என்றது நீதிமன்றம். சைக்கிள் வழக்குக்கும் ரேஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ரேஷன் கடை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் 2015-ஆம் ஆண்டின் பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது அதே அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் அதே 3-ஆம் பிரிவில்தான்.

பதினைந்து பேர்

மேசைமேல் விழும் தாள்களை உண்மையில் உட்கார்ந்து படிக்கும் வேலை ஒரு குழுவுக்கு உண்டு. சார்நிலைச் சட்டங்களை, அதாவது சட்டம் கொடுத்த அதிகாரத்தில் அரசு எழுதும் விதி போன்றவற்றை, ஆராயும் குழு. மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1964 முதலும் இருக்கிறது. இரண்டிலும் பதினைந்து பேர். மக்களவைக் குழுவை அவைத் தலைவர் நியமிக்கிறார். அமைச்சர் யாரும் அதில் இருக்க முடியாது. தான் எழுதிய விதியைத் தானே சரிபார்க்கும் நிலை வரக்கூடாது என்பதுதான் காரணம்.

அந்த விதி நல்ல கொள்கையா என்று இந்தக் குழு பார்ப்பதில்லை. தாய்ச்சட்டம் கொடுத்த எல்லைக்குள் நிற்கிறதா, சட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டிய விஷயத்தை விதியில் ஒளித்து வைத்திருக்கிறதா, நீதிமன்றத்துக்குப் போகும் வழியை அடைக்கிறதா, சட்டம் அனுமதிக்காமல் முன் தேதியிட்டு நடைமுறைக்கு வருகிறதா, வெளியிடவும் அவை முன் வைக்கவும் நியாயமில்லாத தாமதம் ஆனதா, வாசகம் புரிகிற மாதிரி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. சட்டம் வந்து ஆறு மாதத்துக்குள் விதிகள் எழுதப்பட வேண்டும் என்று இந்தக் குழுதான் பல ஆண்டுகளாக அமைச்சகங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எழுத்தில் பதிவாகும், அமைச்சகம் பதில் சொல்ல வேண்டும். வெளிச்சமும் கூச்சலும் இல்லாமல் நடக்கிற வேலை என்பதால் செய்தியில் வருவதில்லை. ஏழைகளுக்கு இதைவிடப் பயன்படும் குழு குறைவு என்பது என் கருத்து.

துறைவாரி நிலைக்குழுக்கள் வேறு. 1993-ல் தொடங்கியவை. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31 பேர். நுகர்வோர், உணவு, பொது விநியோகத்துக்கு ஒரு நிலைக்குழு உண்டு. 2024 செப்டம்பரில் அதற்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் தூத்துக்குடி எம்.பி. கனிமொழி. கொள்கையைக் கேள்வி கேட்பது இந்தக் குழுவின் வேலை. உணவுப் பாதுகாப்பு மசோதா 2011 டிசம்பரில் வந்தபோது முன்னுரிமைக் குடும்பத்துக்கு ஆளுக்கு 7 கிலோ, பொதுப் பிரிவுக்கு 3 கிலோ என்று இரண்டு தட்டாக இருந்தது. அன்றைய நிலைக்குழு 2013 ஜனவரியில் அறிக்கை கொடுத்து, பிரிக்காமல் எல்லோருக்கும் 5 கிலோ என்றது. இறுதிச் சட்டத்தில் 5 கிலோ வந்தது இப்படித்தான். நன்மையும் இழப்பும் கலந்த மாற்றம் அது. ஆனால் ஒரு குழுவின் அறிக்கை வீட்டு அரிசிப் பானை வரை வந்து சேரும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

மேசைக்கே வராத தாள்

இதுவரை சொன்னதெல்லாம் சட்டத்துக்கும் விதிக்கும். பெரிய ஓட்டை அதற்குக் கீழே இருக்கிறது.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படியுங்கள். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவி, மத்திய அரசு விதிக்கும் தவணைகளில். அரசிலும் பொதுத்துறையிலும் நிரந்தர வேலை பார்க்கும் பெண்களும், வேறு சட்டத்தின் கீழ் இதே போன்ற பலன் பெறுகிறவர்களும் தவிர எல்லோருக்கும். முதல் குழந்தைக்கு மட்டும் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. மத்திய அரசு வகுக்கும் திட்டங்களுக்கு உட்பட்டு என்று பிரிவு தொடங்குகிறது; தவணையை மத்திய அரசு நிர்ணயிக்கலாம் என்கிறது.

2016 டிசம்பர் 31 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் கர்ப்பிணிகளுக்கு 6,000 ரூபாய் என்று அறிவித்தார். 2017-ல் நடைமுறைக்கு வந்த பிரதமர் மாத்ரு வந்தனா திட்டத்தில் தொகை 5,000. முதல் குழந்தைக்கு மட்டும். 1,000, 2,000, 2,000 என்று அப்போது மூன்று தவணை: கர்ப்பத்தைச் சீக்கிரம் பதிவு செய்தால் ஒன்று, ஆறு மாதத்துக்குப் பிறகு பரிசோதனை காட்டினால் ஒன்று, பிறப்பைப் பதிந்து முதல் சுற்றுத் தடுப்பூசி போட்டால் ஒன்று. மருத்துவமனைப் பிரசவத்துக்கான ஜனனி சுரக்ஷா உதவியையும் சேர்த்தால் சராசரி 6,000 ஆகிவிடும் என்பது அரசின் விளக்கம். 2022-க்குப் பிறகு, இரண்டாவது பெண் குழந்தையாக இருந்தால் 6,000 என்று விரிவாக்கினார்கள். இரண்டாவது ஆண் குழந்தை என்றால் அந்தத் தாய்க்குக் கிடையாது. அவள் பசி அப்போது குறைந்துவிடுமா?

இந்தக் குறைப்பு எந்தத் தாளில் இருந்தது? அமைச்சகத்தின் திட்ட நெறிமுறையில். சட்டத்தைத் திருத்தி "முதல் குழந்தைக்கு மட்டும்" என்று எழுத வேண்டியிருந்தால் இரு அவைகளிலும் மசோதா வைத்து வாக்கெடுத்திருக்க வேண்டும். விதியாக எழுதியிருந்தால் முப்பது நாள் மேசைமேல் கிடந்திருக்கும், "தாய்ச்சட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறதா?" என்று பதினைந்து பேர் கேட்டிருக்கலாம். நெறிமுறைக்கு அப்படி முப்பது நாளும் இல்லை, பதினைந்து பேரும் இல்லை. தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் வரை கிடைப்பதால் இந்த வலி நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. மாநிலம் தன் பணத்தைப் போடாத இடங்களில் தெரியும்.

மாநிலத்துக்கும் இதே கதை உண்டு. 40-ஆம் பிரிவின்படி மாநில அரசு எழுதும் விதிகள் சட்டப்பேரவை முன் வைக்கப்பட வேண்டும். தமிழ்நாடு இந்தச் சட்டத்துக்குள் வந்தது 2016 நவம்பர் 1-ல். மறு ஆண்டு அரசிதழில் வந்த விதிகளில் யார் முன்னுரிமைக் குடும்பம் இல்லை என்ற பட்டியல் இருந்தது: வருமான வரி கட்டுகிறவர், கார் வைத்திருப்பவர், ஏ.சி. உள்ள வீடு, ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல் என்று நீண்டது. பத்திரிகைகளில் வந்ததும் "ரேஷன் போச்சு" என்று ஊரே பதறியது. எல்லோருக்குமான பொது விநியோகம் தொடரும், பட்டியல் மத்தியச் சட்டத்தின் வகைப்பாட்டுக்கு மட்டும் என்று அமைச்சர் விளக்கம் சொன்ன பிறகுதான் அடங்கியது. அரசிதழில் வந்த அன்றே அதைப் படித்துச் சொல்ல ஆள் இருந்திருந்தால் அந்தப் பதற்றம் தேவைப்பட்டிருக்காது.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். சமூகப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு என்று 1980-ல் சட்டம் போட்டு அமைத்த தனிக்குழு. நலத்தொகை விதிகள் பலவற்றின் வரைவை அமைச்சர் முதலில் அவர்களிடம் காட்ட வேண்டும். அவர்கள் அறிக்கை கொடுத்தால், விதியை நாடாளுமன்றத்தில் வைக்கும்போது அந்த அறிக்கையையும், அதற்குத் தன் பதிலையும் சேர்த்து வைக்க வேண்டும். குழு சொன்னதை அரசு கேட்டே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் கேட்கவில்லை என்றால் ஏன் என்று எழுத வேண்டும். நம் நாட்டிலும் வரைவு விதிகளை 30 நாள் மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. அதற்குச் சட்ட பலம் இல்லை. நலத்திட்ட விதிகளுக்காவது அந்தப் பலம் வேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி ஆயாவின் கேள்விக்கு வருகிறேன். ரேஷன் மானியத்துக்கு ஆதார் வேண்டும் என்றது ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவின் கீழ் வந்த 2017 பிப்ரவரி 8 அறிவிக்கை. அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்டது. அப்படியானால் ரேகை தேய்ந்தவர்கள்? அதற்கும் ஒரு தாள் இருக்கிறது. 2017 அக்டோபர் 24 அன்று மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதிய கடிதம். ஆதார் இல்லை என்றோ, கைரேகை பொருந்தவில்லை என்றோ தகுதியுள்ள யாருக்கும் தானியம் மறுக்கக்கூடாது, விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்கிறது அது. அதன் சாரத்தைத் தமிழில் எழுதிக் கடைக்குக் கொண்டுபோனேன். விற்பனையாளர் அலைபேசியில் யாரிடமோ பேசினார். பிறகு மேசைக்குள்ளிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். மிஷின் ஏற்காத அதே கட்டைவிரல் நீல மையில் நோட்டில் பதிந்தது. ஆயா அரிசியைப் பையில் வாங்கிக்கொண்டார்.

ஆனால் அவரைக் காப்பாற்றியது விதி இல்லை, ஒரு கடிதம். அடுத்த செயலாளர் வேறு கடிதம் எழுதினால் இது போய்விடும். அதனால் "ரூலு அப்படி" என்று யாராவது சொன்னால் நான் இப்போது திருப்பிக் கேட்பது: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி? மத்திய அரசின் விதி என்றால் அரசிதழில் ஜி.எஸ்.ஆர். என்று தொடங்கும் எண் இருக்கும். எண் இருந்தால், எந்த நாள் அவை முன் வைத்தார்கள் என்று மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில் தேடலாம். எண் இல்லை என்றால் அது வெறும் நெறிமுறையாகவோ கடிதமாகவோ இருக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம். தாய்ச்சட்டத்துக்கு முரணாகத் தெரிந்தால் சார்நிலைச் சட்டக் குழுவுக்கு எழுதலாம். உங்கள் எம்.பி. மூலம் கேள்வியும் கேட்கலாம்: மக்களவையில் ஒரு நாளைக்கு எழுத்தில் பதில் தரும் 230 கேள்விகளுக்கு இடம் உண்டு, பதினைந்து நாள் முன்னால் கொடுத்தால் போதும். அமைச்சர் அவையில் "பரிசீலிக்கிறோம்" என்று சொன்னால் அதுவும் உறுதிமொழிதான். மூன்று மாதத்தில் என்ன ஆனது என்று துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது.

எங்கள் தொகுதி எம்.பி.க்கு நான் எழுதியது அரைப் பக்கம்தான். ஆயாவின் கை பற்றி நான்கு வரி, கடிதத்தின் தேதி ஒரு வரி, கடைசியில் கேள்வி: கைரேகை பொருந்தாதவர்களுக்குத் தானியம் மறுக்கக்கூடாது என்ற அந்த வாசகத்தை, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின் கீழ் விதியாக எழுதி அவை முன் வைக்கும் எண்ணம் அரசுக்கு இருக்கிறதா? இருந்தால், எப்போது?